இடப்பக்கம்

கேள்விகளை எழுதியது
விதைக்கிழங்கு வாங்கிய ரசீதின் முதுகில்.
சாக்காவோ நீரிணையைத் தாண்டும் படகில்,
பேருந்தை விட்டு இறங்காமல், பென்சிலால்.
அரைமணி நேரத்தில் பதினேழு.
ரொசாமெல் பக்கத்தில் தூங்கினான்.
வேறொருவன் ஓட்டும் பேருந்தில்
அவன் தூங்கி இன்றுதான் பார்க்கிறேன்.

முதலில் கண்ணாடி உடைந்தது.
வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி,
டல்காவே ஒருவழித் தெருவின் கம்பத்தில்.
அடுத்த மாதமும் அதே கம்பம், அதே கண்ணாடி.
முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

பிறகு எராஸ்மோ வந்து முறையிட்டான்:
கை காட்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை,
பேருந்து ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு தலைக்கனமா?
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
பாதி மீனைத் தட்டிலேயே விட்டு அவன் எழுந்தபோது
என் சமையல் கசந்துவிட்டது என்றும் நினைத்தேன்.
மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
ரசீதில் ஒன்பதாவது:
அந்த மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால்?

கண்டுபிடித்தவள் யஸ்னா.
எட்டு வயது. விளையாட்டாகத்
தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள்.
மீதி மீனும் காலியானது.
"அம்மா, அப்பாவுக்கு இந்தப் பக்கம் இல்லை."

புவெர்த்தோ மோந்த்தில் மழை.
டாக்டர் சான்வேசாவுக்கு என் தங்கை வயதிருக்கும்.
திரையில் ஒரு வெள்ளைக் கறையைக் காட்டினார்,
வலப்பக்கம், பின்மண்டையில்.
வலப்பக்கம் முளைத்தால் இடப்பக்கம் இருட்டாகுமாம்,
கம்பிகள் குறுக்கே ஓடுகின்றனவாம்.
"மெக்கானிக் மாற்றிக் கொடுத்துவிட்டான்" என்று
ரொசாமெல் சிரித்தான்.
டாக்டரும் சிரித்தார். எனக்கு வரவில்லை.

போனைக் காதில் வைத்தே பேசியதாலா?
இது என் நாத்தனார் ஒர்த்தென்சியாவின் கேள்வி.
இல்லை.
பிள்ளைக்கும் வருமா?
பெரும்பாலும் வராது.
அந்தப் "பெரும்பாலும்" என் மடியில் விழுந்தது,
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
நல்லதா, கெட்டதா?
வெட்டி எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால்தான்
பெயர் தெரியும் என்றார்.
பெயர் தெரியாத ஒன்றுக்கு
எத்தனை மாதமாகத் தீனி போட்டோமோ.

யஸ்னா கேட்கச் சொன்னது:
அறுக்கும்போது என்னை மறந்துவிடுவாரா,
குறைந்தது என் பிறந்தநாளையாவது
ஓரமாக விட்டுவைப்பீர்களா?
இதை மட்டும் டாக்டர் தானே எழுதிக்கொண்டார்,
தேதியைக் கேட்டு.

ரொசாமெலுக்கு ஒரே கேள்வி.
எப்போது வண்டி எடுக்கலாம்?
பேனாவை மேசைமேல் வைத்தார் டாக்டர்.
மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.
பார்வை திரும்பினால் அப்போது பேசலாம் என்றார்.
"திரும்பினால்" என்று அவனும் ஒருமுறை சொன்னான்,
புதிய தடத்தின் நிறுத்தப் பெயரை
மனப்பாடம் செய்வதுபோல.

வேறு ஏதாவது உண்டா?
இல்லை என்றேன்.
பதினேழாவதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையில்
நடுநிசியிலும் பசிக்கிறது அவனுக்கு.
மூன்று மணிக்கு அடுப்படியில்
ரொட்டி அறுக்கும் சத்தம்.
செவ்வாய்க்கிழமை அறுவை.
பத்தொன்பது வருடமாக
நான் அவன் இடப்பக்கம் படுக்கிறேன்.
வலப்பக்கம் சுவர்.
எந்தப் பக்கம் படுத்தால்
விழித்ததும் நான் இருப்பேன்?
ஒரு டாக்டரிடம் இதைக் கேட்கவா முடியும்.

யஸ்னாவை எழுப்பினேன்.
இருவரும் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தோம்.
பலகைத் தரை முனகியது,
அவள் செருப்பு ஒன்று அடியில் மாட்டிக்கொண்டது.
இன்னும் ஒரு ஆள் நுழையும் இடைவெளிதான்,
அதற்குள் மூச்சு வாங்கியது.

ரொட்டித் துண்டோடு வாசலில் நின்றான்.
முதலில் யஸ்னாவைப் பார்த்தான்.
பிறகு தலையை முழுதாகத் திருப்பி,
பேருந்தைப் பின்னுக்கு எடுப்பவன்போல மெதுவாக,
கட்டிலை, என்னை.
"தடத்தை மாற்றிவிட்டாயா?"
"மாற்றிவிட்டேன்."
"எனக்கு யாரும் சொல்லவில்லையே."
படுக்கையெல்லாம் ரொட்டித் தூள்.
யஸ்னா தட்டிவிட்டாள், இந்தப் பக்கம் மட்டும்.